கால் டேங்க் தந்திரம்

கேள்வி: அமெரிக்காவில் மோட்டார் ஹோம் வாங்கியிருக்கிறோம். டேங்கில் டீசல் இருக்கிறது, வண்டியும் ஓடுகிறது. ஜெனரேட்டர் மட்டும் சுற்றுகிறதே தவிர, ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறதே?

பதில்: டீசல் கால் டேங்குக்குக் கீழே போய்விட்டதா பாருங்கள். அதற்குக் கீழே உறிஞ்ச முடியாதபடி ஜெனரேட்டரின் குழாயைக் குட்டையாக வைத்திருப்பார்கள். ராத்திரி முழுக்க ஏசி போட்டுத் தூங்கினாலும், காலையில் பங்க் வரை போக வேண்டுமே! (உங்கள் தூக்கம் பற்றி வடிவமைத்தவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.) டீசல் ஊற்றிய கையோடு ஸ்டார்ட் பட்டனைக் குத்தாதீர்கள், குழாயில் காற்று புகுந்திருக்கும். ஓனன் டீசல் ஜெனரேட்டர் என்றால் ‘ஸ்டாப்’ பட்டனை அழுத்திப் பிடியுங்கள், பம்ப் ஓடி டீசலை ஏற்றும். ஆமாம், ஸ்டாப்தான்! அதற்கும் மசியாவிட்டால் ஃபில்டரை மாற்றுங்கள். ஈதர் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். க்ளோ பிளக் சூட்டில் அது வெடித்தால், அடுத்த கேள்வியை இன்சூரன்ஸ்காரர்தான் கேட்பார்.