விழுந்தால் உடையும்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவருக்கு முதல் பாடம், கீழே போடாதே. இரண்டாவது பாடம், போட்டுவிட்டால் மேஸ்திரி வருவதற்குள் கூட்டி அள்ளிவிடு. அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று இங்கே உருவாகிற எல்லாமே விழுந்தால் உடைகிற ரகம். இப்படிப்பட்ட ஊருக்குச் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, "எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழுங்கள்" என்றார்.

அவரை வரவழைத்தது முதலாளியின் மகன். எம்.பி.ஏ. முடித்து வந்த சூடு இன்னும் ஆறவில்லை. ஊழியர்களிடையே குழு உணர்வை வளர்க்க வேண்டுமாம். நான் கணக்கு எழுதுகிறவன். பயிற்சிக் கட்டணத்தைப் பார்த்ததும் எங்கள் ஊர்க் கதைதான் நினைவுக்கு வந்தது. சுந்தரர் பழமலைநாதரிடம் 12,000 பொன் வாங்கி, இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பார்கள். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் சுந்தரர் விவரமானவர். போடுவதற்கு முன்பே மாதிரிக்கு ஒரு துண்டு மச்சம் வெட்டி வைத்துக்கொண்டு, அங்கே எடுத்ததும் பிள்ளையாரை விட்டு மாற்று உரைத்துப் பார்த்தார். எங்கள் முதலாளியிடம் மச்சமும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. ரசீது மட்டும் இருந்தது.

முதல் விளையாட்டு அறிமுகம். "உங்களைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்" என்றார் பயிற்சியாளர். கூட்டம் திகைத்துப்போனது. பாதிப் பேர் ஒரே தெரு, மீதிப் பேர் சம்பந்தி முறை. யார் வீட்டு நகை எந்தக் கடையில் எத்தனை மாதமாக இருக்கிறது என்பது வரை வட்டியோடு தெரிந்த இடத்தில், தெரியாத விஷயத்துக்கு எங்கே போவது?

சரியென்று அடுத்ததற்குத் தாவினார். ஒருவர் மூன்று செய்தி சொல்ல வேண்டும். இரண்டு உண்மை, ஒன்று பொய். எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். சூளையில் சரக்கு அடுக்குகிற தம்பி எழுந்தான். "எனக்கு ரெண்டு பொண்ணு. எனக்கு நீச்சல் தெரியும். போன மாச ஓவர்டைம் காசு எனக்கு வந்துடுச்சு." அவன் வாயை மூடுவதற்குள் முப்பது குரல்கள் ஒரே சுருதியில் "மூணாவது!" என்றன. குழு உணர்வு என்று எதைச் சொல்கிறார்களோ அது அந்த ஒரு நொடியில் பூரணமாக இருந்தது. பயிற்சியாளர் கைதட்டினார். முதலாளி தண்ணீர் குடித்தார்.

பிறகுதான் அந்த விழுகிற விளையாட்டு. ஒருவர் பின்பக்கமாகச் சாய வேண்டும், சக ஊழியர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரியைத்தான் முதலில் அழைத்தார்கள். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டி, சாமியைக் கும்பிட்டு, கண்ணை மூடினார். அதற்குள் பேக்கிங் அக்கா ஒருவர் ஓடிப்போய் ஒரு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து அவர் பின்னால் பரப்பத் தொடங்கிவிட்டார்.

"அம்மா, வைக்கோல் வேண்டாம். நம்பிக்கைதான் முக்கியம்."

"நம்பிக்கை இருக்குதுங்க சார். வைக்கோலும் இருந்துட்டுப் போவட்டும்."

இதற்குப் பதில் எந்த மேலாண்மைப் புத்தகத்திலும் இல்லை. மேஸ்திரி விழுந்தார், பிடித்தார்கள், வைக்கோலுக்கு வேலை இல்லை. ஆனாலும் அடுத்து விழ வந்த ஒவ்வொருவரும் வைக்கோல் இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் கண்ணை மூடினார்.

சாப்பாட்டுக்கு முன் கோபுரம் கட்டும் போட்டி. இது உலகப் புகழ் பெற்றது. 20 ஸ்பகெட்டிக் குச்சி, கொஞ்சம் டேப், கொஞ்சம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். 18 நிமிடத்தில் உயரமாகக் கட்டி உச்சியில் மிட்டாயை வைக்க வேண்டும். பீட்டர் ஸ்கில்மேன் என்பவர் உண்டாக்கிய இந்த விளையாட்டைப் பல நாடுகளில் நடத்திப் பார்த்த டாம் வூஜெக், 2010-இல் ஓர் உரையில் சொன்னது இதுதான்: மேலாண்மை மாணவர்களைவிட பாலர் பள்ளிக் குழந்தைகள் நன்றாகக் கட்டுகிறார்கள். மாணவர்கள் தலைவர் யார் என்று முடிவு செய்து, திட்டம் வரைந்து, கடைசி நிமிடத்தில் மிட்டாயை வைப்பார்கள். அது பாரம் தாங்காமல் படுத்துவிடும். குழந்தைகள் ஆரம்பத்திலிருந்தே மிட்டாயைச் செருகிச் செருகிப் பார்ப்பார்கள்.

எங்கள் ஆபீஸ் அணியில் நான், ஸ்டோர் கீப்பர், முதலாளி மகன். அவர் வரைபடம் போட்டார். நாங்கள் தலையாட்டினோம். மிட்டாயை வைத்ததும் கோபுரம் குடமுழுக்குக்கு முன்பே சரிந்தது. பொம்மைக்குக் கை ஒட்டுகிற அக்காமார் அணி அனாயாசமாக ஜெயித்தது. ஈரமாக இருக்கும்போதே கனமான கையை ஒட்டினால் பொம்மை எந்தப் பக்கம் சாயும் என்பது அவர்களுக்கு விரல் நுனியில் தெரியும். பரிசுக் கோப்பை பீங்கானில் செய்தது. அவர்களே போன வாரம் வார்த்ததுதான்.

இந்த வித்தைகளுக்கெல்லாம் மூலவர், அமெரிக்காவில் சிகாகோ அருகே ஹாதார்ன் என்ற தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆராய்ச்சி. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது. குறைத்தார்கள், அப்போதும் கூடியது. தங்களை ஒருவர் கவனிக்கிறார் என்றதும் மனிதர்கள் உற்சாகமாக வேலை செய்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். அது சரிதானா என்று பின்னால் வந்தவர்கள் சண்டை போட்டது தனிக்கதை. 2012 வாக்கில், பக்கத்து நெய்வேலியில் தயாரான கரண்ட் எங்கள் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தபோது, இதே வெளிச்ச ஆராய்ச்சியை மின்வாரியம் எங்களிடம் தினமும் நடத்தியது. முடிவுகளை வெளியிடத்தான் ஆளில்லை.

புரூஸ் டக்மன் என்ற உளவியலாளர் 1965-இல் ஒரு குழு நான்கு கட்டங்களைக் கடக்கிறது என்றார்: கூடுவது, மோதுவது, ஒழுங்குக்கு வருவது, வேலையைச் செய்வது. பயிற்சியாளர் இதைப் பலகையில் வரைந்து, இரண்டாவது கட்டத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். சூளை பிரிக்கும் நாளில் வந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். உள்ளே 1,200 டிகிரிக்கு மேல் வெந்த சரக்கு. அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் குளிர்ந்த காற்று பட்டு வெடிக்கும். ஆறும்வரை வெளியே எல்லாரும் காத்திருப்போம். கதவு திறந்ததும் மெருகு உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்ட விளக்குகள் தெரிந்தால், அடுக்கியவன் மெருகு கலக்கியவனைச் சொல்வான், அவன் எரித்தவனைச் சொல்வான், எரித்தவன் கேஸைச் சொல்வான். டீ வருவதற்குள் இரண்டாம் கட்டம் முடிந்துவிடும். டீ குடித்துக்கொண்டே மூன்றாவது. கார்த்திகை ஆர்டர் தலைக்கு மேல் நிற்கும்போது மாதக்கணக்கில் மோத யாருக்கு நேரம்?

ஆயுதபூஜைக்கு வந்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். மண் அரைக்கிற பால் மில்லை முதலாளியும் கூட்டுகிற ஆயாவும் சேர்ந்து கழுவுகிற ஒரே நாள் அது. என் கம்ப்யூட்டர் உட்பட எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. வீட்டுப் பிள்ளைகள் பொரி கடலை தின்றுகொண்டே அச்சுகளுக்கு நடுவில் ஓடுவார்கள். நொறுங்கியது பூசணிக்காயாக இருந்தால் யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள்.

பயிற்சி முடிவில் கருத்துப் படிவம் தந்தார்கள். படித்துத் தொகுப்பது என் வேலை. "மிகவும் பிடித்தது எது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் பிரியாணி என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் "மொதலாளி எங்களோட தரையில உக்காந்தது" என்று எழுதியிருந்தார். "மேம்படுத்த வேண்டியது" என்ற இடத்தில் பலர் கையெழுத்தில் ஒரே வார்த்தை: ஓவர்டைம்.

முதலாளி எல்லாவற்றையும் படித்தார். மகனை ஒரு பார்வை பார்த்தார். அந்தச் சனிக்கிழமை ஓவர்டைம் பாக்கி மொத்தமும் பட்டுவாடா ஆனது. எந்தத் தலைப்பில் எழுதட்டும் என்று கேட்டேன்.

"பயிற்சிச் செலவுன்னு எழுதுங்க" என்றார்.