டன் கணக்கில் கருணை

நிவாரணப் பொருள் விநியோகத்தின் திறனை அளந்து அறிக்கை சமர்ப்பிக்கும் மகா கனம் பொருந்திய அதிகாரிகளின் சமூகத்துக்கு, வரி செலுத்தும் பிரஜை ஒருவன் பணிவுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம்.

ஐயன்மீர்,

இத்தனை டன் அரிசி, இத்தனை லாரி துணி, இத்தனை மணி நேரத்தில் கிடங்கை விட்டுப் புறப்பட்டன என்று தாங்கள் வகுத்தளிக்கும் அட்டவணைகளைக் காணுந்தோறும், துன்பப்பட்டவனை ஒருதரமேனும் விசாரியாமலே அவன் துன்பம் தீர்ந்த அளவைத் தசம ஸ்தானம் வரையில் கணித்துவிடும் தங்கள் சாமர்த்தியத்தை எண்ணி வியக்கிறேன்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொள்ளைகொண்ட நாகப்பட்டினம் மாவட்டத்தில், நாலா திசைகளிலிருந்தும் வந்து சாலையோரங்களில் மலையாய்க் குவிந்த பழந்துணியைத் தங்கள் அளவுகோல் கொண்டு நிறுத்துப் பார்த்தால், அது மகத்தான வெற்றியென்றே விளங்கும். குளிரை மார்கழி விடியலில் மாத்திரம் சற்றே அறிந்த அந்தக் கடற்கரைக்குக் கம்பளிச் சட்டைகளும் வந்திருந்தன. உழைத்து உடுத்திப் பழகிய மீனவர் பிறர் கழித்ததைத் தீண்ட மறுத்ததும், துயர் துடைக்க வேண்டிய நகராட்சி ஊழியர்கள் அவ்வேலையை விட்டுத் துணி அள்ளப் போக நேர்ந்ததும் அட்டவணையில் ஏறாத அற்ப விஷயங்கள். (கொடுத்தவர்களை நான் பழிக்கவில்லை, அலமாரி காலியான புண்ணியம் அவர்களுக்கு உண்டு.) வந்த துணி திரும்பவும் லாரியேறி அப்புறப்படுத்தப்பட்டதல்லவா? அந்தப் பயணத்தையும் விநியோகமாகவே பாவித்தால், மூட்டை ஒன்றையும் கூட்டாமல் டன் கணக்கு இரட்டிக்குமென்பது என் யோசனை.

தாங்கள் தனித்து நிற்கவில்லை. அதே பேரலைக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் வந்திறங்கிய சுமார் 4,000 டன் மருந்துகளில் பெரும்பகுதியின் மேலுறை, அங்குள்ளவர்கள் வாசிக்கவியலாத பாஷைகளில் அச்சிடப்பட்டிருந்தது. எடையில் மட்டும் யாதொரு குறையும் இல்லை.

தங்கள் கடிகாரம், லாரிக்குக் கொடியசைத்த கணத்தில் ஓடத் தொடங்கி, கிடங்குப் பதிவேட்டில் கையொப்பம் விழுந்ததும் நின்றுவிடுகிறது. முகாமில் கைக்குழந்தையோடு இருப்பவளின் கடிகாரமோ, மண்ணெண்ணெய் அடுப்பும் சோறு வடிக்க ஒரு பாத்திரமும் வந்து சேரும் வரையில், துணிமலையின் அடிவாரத்திலேயே மாதவிலக்குக்குச் சுத்தமான துணியொன்று அகப்படும் வரையில், புருஷனுக்கு வலையும் கட்டுமரமும் கிடைத்து அவன் மறுபடி கடலுக்குப் போகும் வரையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இவ்விரண்டில் எது சரியான நேரம் காட்டுகிறதென்று தீர்மானிக்க ஒரு உபகுழு அமைப்பது உசிதம்.

ஆகவே, அடுத்த புயலுக்கான படிவம் அச்சேறுமுன், “கேட்ட பொருள்”, “கேட்டவர் கையில் சேர்ந்த நாள்” என்று இரண்டு பத்திகள் சேர்க்கத் திருவுளம் பற்றவேண்டும். காகிதத்தில் இடம் போதாதெனில், “கொடியசைத்தவர் பெயர்” என்ற பத்தியைச் சற்றே குறுக்கலாம். அறிக்கையின் பிரதியொன்றை எனக்கும் அனுப்பி வைக்கக் கோருகிறேன். அதன் எடையையும் வழங்கிய நிவாரணத்தில் சேர்த்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இங்ஙனம்,
தங்கள் அட்டவணையில் “பயனாளி” என்று குறிக்கப்படவிருக்கும்
ஒரு பிரஜை