மின்மினிக்கு எதற்கு ஃபிளாஷ்?

கேள்வி: எங்கள் சபையில் டிரம்ஸ், கலர் லைட், புகை மெஷின் எல்லாம் வந்தாச்சு. இனி ஆண்டவர் கட்டாயம் இறங்கி வருவார்தானே?
— வாசகர், கோல சிலாங்கூர்

பதில்: அவர் முன்பே வந்துவிட்டார், புகையில்தான் உங்களுக்குத் தெரியவில்லை!

உங்கள் ஊர்ப் பக்கத்துக் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போனதுண்டா? துடுப்புப் படகு, ஃபிளாஷ் அடிக்கத் தடை. நம் வெளிச்சம் அணைந்தால்தான் பெரெம்பாங் மரத்து மின்மினிகளின் வெளிச்சம் கண்ணில் படும்.

டிரம்ஸ் மேல் எனக்குக் கோபமில்லை. தம்புரும் கைத்தாளமும் 150ஆம் சங்கீதமே கேட்பவைதான். ஆனால் தோட்டத்து லயத்தில், பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகுமுன் இருட்டிலேயே முழங்கால் போட்ட நம் பாட்டிமாருக்கு மைக் கிடையாது, ஜெபம் இருந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை நடுவே மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். யார் தொடர்ந்து பாடுகிறார்களோ, அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள்.