கிறைம் அண்ணை

உரும்பிராய்ச் சந்தியில் ஒருவர் உங்கள் சைக்கிளை மறித்து, "தம்பி, கிழவனை ஆர் முடிச்சதெண்டு பிடிச்சிட்டியோ?" என்று கேட்டால் பதறத் தேவையில்லை. போன கிழமை தந்த புத்தகத்தை வாசித்தாயிற்றா என்பதுதான் கேள்வி. வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும் இதைக் கேட்டு, வாங்கிய தேத்தண்ணியைக் குடியாமலே பலாலி வீதி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இப்படி ஒருவர் ஊருக்கு ஊர் உண்டு. இளைப்பாறிய கச்சேரிக் கிளாக்கராக, அரைக்கைச் சேட்டும் காரியரில் கட்டிய பையுமாக இருப்பார். உரும்பிராயில் அவர் பெயர் கிறைம் அண்ணை. எந்தப் பதிப்பகமும் தொடாத, எழுதியவரே காசு போட்டு வெளியிட்ட துப்பறியும் கதைகளை ஊராருக்குச் சிபார்சு செய்வது அவர் தொண்டு. ராஜேஷ்குமார் என்று தொடங்கினால் கையால் தள்ளிவிடுவார். "ஆயிரத்தைஞ்ஞூறுக்கு மேலை எழுதின மனுசனுக்கு என்ரை சிபார்சு என்னத்துக்கு?" சுஜாதாவின் கணேஷுக்கும் அதே கதிதான். 1968இல் குமுதத்தில் 'நைலான் கயிறு' வந்த நாளிலிருந்து அந்த ஆள் நன்றாகத்தான் இருக்கிறான். வக்கீலுக்கு ஒரு வக்கீல் வேண்டாமாம்.

அவரை வளர்த்ததே இவர்கள்தான் என்பது வேறு கதை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில்தான் மாத நாவல்கள் வாசிக்கப்பட்டன. தப்பித்தவறி வந்த ஒரு பிரதி வீடு வீடாகச் சுற்றும்போது முதலில் கழன்று போவது கடைசித் தாள். கொலைகாரன் யாரென்று தெரியாமலே குடாநாட்டில் ஒரு தலைமுறை வளர்ந்தது.

சொந்தச் செலவுப் புத்தகமா என்று முகம் சுளிப்பவருக்கு அண்ணையிடம் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. மெல்பேர்னில் ஃபெர்கஸ் ஹியூம் என்றொரு வக்கீல் குமாஸ்தா 1886இல் ஒரு மர்ம நாவலைத் தானே வெளியிட்டார். குதிரைவண்டிக்குள் பிணம். ஷெர்லக் ஹோம்ஸ் அச்சேறுவதற்கு ஓராண்டு முன்பு அது. லட்சக்கணக்கில் விற்றது, உரிமையை மட்டும் மனுசன் 50 பவுணுக்குக் கொடுத்துவிட்டார். "அவரும் கிளாக்கர்தான்" என்று அண்ணை இடையில் நிறுத்துவார். 50 பவுண் பகுதி வரும்போது, செம்மண் தோட்டக் காணியை அடிமாட்டு விலைக்கு விற்ற உறவினனைப் பற்றிச் சொல்வதுபோல் குரல் தழுதழுக்கும்.

யாழ்ப்பாணத்தில் எழுதியவரே வெளியிடுவது புதுமையல்ல. நாவலும் கவிதையும் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. வீட்டுக்கு வீடு வெளியாவது முப்பத்தோராம் நாள் கல்வெட்டு. அதிலும் ஒரு மரணம் உண்டு, மர்மம்தான் இல்லை. (தன் பெயர் எப்படி விடுபட்டது என்று தேடும் மருமகனுக்கு அதுவும் உண்டு.)

வெளியீட்டு விழாக்களில் அண்ணைக்குப் பின்வரிசை. மங்கல விளக்கு, ஆசியுரை, வாழ்த்துரை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வார். நயப்புரை தொடங்கினால் நெளிவார். கந்தபுராணத்துக்குப் பயன் சொல்லிப் பழகிய மண். பேச்சாளர் கதையை வரிவரியாக விரித்து, சூரனை வதைக்காமல் இறங்கமாட்டார். ஒரு துப்பறியும் நாவல் வெளியீட்டில், முதற்பிரதி கைமாறுவதற்கு முன்பே கொலைகாரன் மேடையில் பிடிபட்டுவிட்டான். எழுதிய பெடியனுக்கு முகம் செத்துப்போயிற்று. என்வலப்போடு வந்தவர்கள் வழக்கம்போலப் புத்தகத்தை வாங்கினார்கள். இனி வாசிக்கத் தேவையில்லை என்ற நிம்மதி அவர்கள் முகத்தில் தெரிந்தது. அண்ணை பத்துப் பிரதி வாங்கி, விழாவுக்கு வராதவர்களாகப் பார்த்துக் கொடுத்தார்.

2016இல் கிண்டில் தமிழுக்கு வழிவிட்ட பிறகு அவர் சுமை கூடிவிட்டது. ரொறன்ரோ மருமகன் கொடுத்த கருவியை அண்ணை கிண்ட, ஊர் கிண்டலடித்தது. வேலியில்லாத தோட்டம் அது. நல்ல பயிரும் உண்டு, நாயுருவியும் உண்டு. ஒவ்வொரு கதைக்கும், கச்சேரிக் கோப்பில் எழுதியதுபோல் கொப்பியில் குறிப்பு எழுதுவார்: "மூன்றாம் கொலை அவசியமில்லை. ஆவன செய்க."

ஒரு கதையில் 1995ஆம் ஆண்டுக் கொலைகாரன் கோண்டாவில் ஸ்ரேசனில் கோச்சி ஏறித் தப்புகிறான். எழுதியவருக்கு அன்றே போன் போனது. "தம்பி, 90இலை நிண்ட கோச்சி 2014இலைதான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. உம்மடை ஆள் பத்தொன்பது வருசமா பிளாட்போமிலை நிண்டவரோ? பொலிஸுக்கு அவ்வளவு நேரமும் காணாதோ?" மின்னூல் என்பதால் அன்றிரவே திருத்தி ஏற்ற முடிந்தது. கொலைகாரன் கிளாலியில் வள்ளம் ஏறினான். மறுநாள் சந்தியில் சிபார்சு வெளியானது: "இப்ப வாசிக்கலாம்."

அவருடைய சிபார்சுக்கு மசியாத ஒரே ஆள் வீட்டுக்காரி. எந்தக் கதையிலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். "ஆரெண்டு தெரிஞ்சாத்தானே நிம்மதியா வாசிக்கலாம்" என்பது அவர் கட்சி. வள்ளம் ஏறிய கொலைகாரனையும் அப்படித்தான் வாசித்து முடித்தார். அடுத்த நாள் தேங்காய் திருவிக்கொண்டே கேட்டார்:

"இஞ்சருங்கோ, அந்த வீட்டிலை சமைக்கிற பிள்ளையை ஏன் ஒருத்தரும் விசாரிக்கேல்லை? இரவு ஆர் சாப்பிடேல்லையெண்டு அவளுக்கெல்லோ தெரியும்."

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கிண்டிலைத் திறந்து முதலாம் அத்தியாயத்துக்குப் போனார்.