இந்த வண்டி யாரோடது?

வாசலை மறித்து நிற்கும் வண்டிகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த வாரம் பதில்.

*கே: மாட வீதிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பிரதோஷம், வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள் என்றால் எங்கள் கேட்டுக்கு நேராகக் காரை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். சண்டை போடாமல் என்ன செய்யலாம்? — மயிலாப்பூர் வாசகி*

ப: அம்மா கிளம்ப வேண்டிய நேரம் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதுதான் உங்கள் பிடி. ஒரு மணி நேரம் முன்பே கேட்டை அகலத் திறந்து, காரின் மூக்கை வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்துங்கள். மூடிய கேட்டுக்கு முன்னால் கூசாமல் நிறுத்துகிறவர்கள்கூடத் திறந்த கேட்டையும் புறப்படத் தயாராக நிற்கும் வண்டியையும் பார்த்தால் தள்ளிப் போவார்கள்.

அடுத்து போர்டு. நகைக்கடை விளம்பரத்தோடு தெருவுக்கு இருபது 'நோ பார்க்கிங்' தொங்குகிறது. யாரும் அதைப் படிப்பதில்லை. காரணத்தை எழுதுங்கள்: 'டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீடு. தயவுசெய்து வழி விடுங்கள்.' கீழே உங்கள் போன் நம்பர். கட்டளையை மீறுகிறவர்களில் பலர், காரணத்தைப் படித்தால் நகர்ந்துவிடுவார்கள்.

அப்படியும் நின்றால், வண்டி எண்ணும் உங்கள் கேட்டும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுத்துவிட்டு, சென்னைப் போக்குவரத்துக் காவல் எண் 103-ஐக் கூப்பிடுங்கள். முதல் வாக்கியமே "டயாலிசிஸுக்குப் போக வேண்டிய நோயாளி, வாசலை மறித்து கார் நிற்கிறது" என்று இருக்கட்டும். பிறகு தெரு, கதவு எண், வண்டி எண். அவ்வளவு போதும். அன்றைய கோபத்தையும் போன வருஷத்துக் கதையையும் போனில் சேர்க்காதீர்கள்.

பங்குனிப் பெருவிழாவின் பத்து நாளும், அதிலும் எட்டாம் நாள் அறுபத்து மூவர் உற்சவத்தன்றும், போன் போட்டு ஆள் வருவதற்குள் நேரம் போய்விடும். இரண்டு வாரம் முன்பே உங்கள் பகுதிப் போக்குவரத்துக் காவல் நிலையத்தில், மருத்துவமனைச் சீட்டின் நகலோடு ஒரு மனு கொடுத்து வையுங்கள். எந்தத் தெரு வழியாக வண்டி வெளியே போக முடியும் என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அம்மாவால் நாலு அடி நடக்க முடிந்தால், நேரமாகும் அன்று உங்கள் காருக்காகக் காத்திருக்காதீர்கள். தெருமுனைக்குப் போய் ஆட்டோவில் ஏறிவிடுங்கள். மூச்சு வாங்கினால் 108. நியாயத்தைச் சாயங்காலம் வந்து கேட்டுக்கொள்ளலாம்.

*கே: டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டால்? — அம்பத்தூர் வாசகர்*

ப: ஒரு மணி நேரம் நிற்க வந்த வண்டி, பஞ்சர் கடைக்காரர் வரும்வரை உங்கள் வாசலிலேயே நிற்கும். அடுத்தவர் உடைமைக்குச் சேதம் செய்ததாக உங்கள் மேலேயே புகார் வரும். தவறு செய்தவர் அவர், வழக்கில் நிற்பது நீங்கள். 'மீறி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்' என்ற போர்டு உங்கள் கேட்டில் இருந்தால் அதையும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். நாளைக்கு வேறு யாரோ பிடுங்கினாலும் பழி உங்களைத்தான் சேரும்.

*கே: புகார் கொடுக்கப் போனால், "இது உங்களுக்குள்ளே பேசித் தீர்த்துக்கிற விஷயம் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். உண்மையிலேயே சட்டம் இல்லையா? — மதுரை வாசகர்*

ப: இருக்கிறது, தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகன ஓட்டுநர்களுக்காக 2017-ல் வந்த ஒழுங்குமுறைகள், ஒரு இடத்தின் நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்கின்றன. அதற்கு முன் நடைமுறையில் இருந்த 1989-ம் வருஷத்துச் சாலை விதிகளிலும் இது உண்டு. ஆகவே உங்கள் கேட்டில் போர்டு இல்லாவிட்டாலும் தவறு தவறுதான். 'போர்டு எங்கே?' என்று கேட்கிறவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு இடைஞ்சலாக வண்டியை விட்டுப்போவதை 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு தடுக்கிறது. 177-வது பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 1,500 ரூபாய் வரையும் அபராதம். நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துப் போகவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ உத்தரவிட 127-வது பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரம் சீருடையில் இருக்கும் காவலருக்கு. எனக்கும் உங்களுக்கும் இல்லை. இழுவைச் செலவு வண்டிக்காரர் தலையில்.

பொது வழியை மறிப்பது தனிக் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் அதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவில் அது 5,000 ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது.

அடுத்த முறை வாயால் சொல்லாதீர்கள். தேதி, நேரம், வண்டி எண், போட்டோ எல்லாம் சேர்த்து எழுத்து மூலம் கொடுத்து, மனு ஏற்புச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னவரைத் திருப்பி அனுப்பியதுபோல், சீட்டோடு நிற்கிறவரை லேசில் அனுப்ப முடியாது.

*கே: வண்டி எண்ணை வைத்து உரிமையாளரின் போன் நம்பரைக் கண்டுபிடிக்க முடியுமா? — கோவை வாசகி*

ப: முடியாது. எம்-பரிவாகன் செயலியில் வண்டி என்ன ரகம், எந்த ஆர்.டி.ஓ., இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். பெயரில் பாதி எழுத்தை மறைத்திருப்பார்கள். போன் நம்பர் வராது. வரவும் கூடாது. இன்றைக்கு உங்களுக்குக் கிடைத்தால், நாளைக்கு உங்கள் நம்பர் யாருக்கோ கிடைக்கும்.

*கே: பக்கத்து வீட்டுக்காரரோடு இருபது வருஷப் பழக்கம். அவர் மகன் புதிதாகப் பெரிய கார் வாங்கியிருக்கிறான். எங்கள் கேட்டின் மேல் நிறுத்துவதில்லை. எதிர்ச் சுவரை ஒட்டித்தான் நிறுத்துகிறான். ஆனாலும் எங்கள் காரை வெளியே எடுக்க முடியவில்லை. சொன்னால், "இவ்ளோ இடம் இருக்கே அங்கிள்" என்கிறான். — நங்கநல்லூர் வாசகர்*

ப: அவன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணுக்கு இடம் இருக்கிறது. அவன் நேராகப் போவதற்கான இடத்தைப் பார்க்கிறான், நீங்கள் திரும்புவதற்கான இடத்தைக் கேட்கிறீர்கள். பல சிறிய கார்கள்கூட அகலத்தில் ஐந்தரை அடி, நீளத்தில் பன்னிரண்டு அடிக்கு மேல். இருபது அடித் தெருவில் எதிரே பெரிய கார் ஒன்று ஆறு அடியைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் பதினான்கு. அதற்குள் உங்கள் வண்டி கேட்டிலிருந்து வெளியே வந்து, ஒடித்து, வால் பகுதி கேட் தூணில் உரசாமல் நேராக வேண்டும். உங்கள் பக்கமே ஒரு ஸ்கூட்டர் நின்றால் கதை முடிந்தது.

இதைக் கேட்டருகே நின்று பேசிப் புரியவைக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் முடிந்த நேரமாகப் பார்த்து அவர்கள் வீட்டுக்குப் போங்கள். அப்பாவிடம் புகார் சொல்லாதீர்கள். அவர் முன்னால் மகனைக் குற்றவாளியாக்கினால் இருபது வருஷம் ஒரு நிமிஷத்தில் போய்விடும். "தம்பி, நீ நல்லா ஓட்டுவே, என் வண்டியை ஒரு தடவை வெளியே எடுத்துக் காட்டேன்" என்று உங்கள் சாவியை அவன் கையில் கொடுங்கள். மனதாரக் கொடுங்கள், அவனைச் சோதிப்பதற்காக வேண்டாம். மூன்று தடவை முன்னும் பின்னும் போய் ஸ்டியரிங்கை ஒடித்து வேர்க்கும்போது அவனுக்கே அளவு புரியும். அப்போதே ஒரு சாக்பீஸை எடுத்து, எதுவரை நிறுத்தினால் இரண்டு பேருக்கும் சரி என்று அவனையே கோடு போடச் சொல்லுங்கள். அவன் போட்ட கோட்டை அவன் தாண்ட மாட்டான்.

*கே: யாரும் நிறுத்தாமல் இருக்க வாசலுக்கு வெளியே பூந்தொட்டியும் கருங்கல்லும் வைத்திருக்கிறேன். சரிதானே? — திருச்சி வாசகர்*

ப: சரியில்லை. கேட்டுக்கு வெளியே இருக்கும் தெரு உங்கள் பட்டாவில் இல்லை. கேட்டின் அகலத்துக்கு வழி விடும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சுற்றுச்சுவர் நீளத்துக்கும் இடம் பிடித்து வைக்க உரிமை கிடையாது. தெருவிளக்கு எரியாத ராத்திரியில் பைக்கில் வரும் பையன் அந்தக் கல்லில் மோதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கல்லை இன்றே உள்ளே எடுத்துவிடுங்கள். தொட்டியை மொட்டை மாடியில் வையுங்கள்.

*கே: எட்டு மாதமாக எங்கள் வாசலோரம் ஒரு பழைய வேன். நாலு டயரும் இறங்கிவிட்டன. யாருடையது என்றே தெரியவில்லை. — தாம்பரம் வாசகி*

ப: பொது இடத்தில் கேட்பாரற்றுப் பத்து மணி நேரம் நின்றாலே அதை அப்புறப்படுத்த 127-வது பிரிவு இடம் கொடுக்கிறது. உங்களுக்கு எட்டு மாதம். போலீசுக்கும் மாநகராட்சிக்கும் ஒரே நாளில், ஒரே போட்டோவோடு மனு கொடுங்கள். வேனில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால் அதையும் படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அப்படித் தேங்கும் தண்ணீரில்தான் முட்டையிடும். அது சுகாதார ஆய்வாளரையும் உங்கள் தெருவுக்கு வரவழைக்கும்.

*கே: சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள் நடு கேட்டில் ஸ்கூட்டரை நிறுத்துகிறார்கள். அவர்களையும் படம் எடுத்து அனுப்பலாமா? — வேளச்சேரி வாசகர்*

ப: வேண்டாம். அந்தப் பையனின் சாவி கையில் இருக்கிறது. "தம்பி" என்று ஒரு குரல் கொடுத்தால் இறங்கி வந்துவிடுவான். அவனுக்கு நிமிஷக் கணக்கு, ஐந்நூறு ரூபாய் அவனுக்கு ஒரு நாள் கூலி. சட்டத்தை, வண்டியைப் பூட்டிவிட்டு மணிக்கணக்கில் காணாமல் போகிறவருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*கே: நான் எதிர்க்கட்சி. ஃபிளாட்டில் பார்க்கிங் இல்லை. தெருவில்தான் நிறுத்தியாக வேண்டும். காரே வாங்கக் கூடாதா? — வடபழனி வாசகர்*

ப: ஜப்பானில் அப்படித்தான். 1962-ம் வருஷத்துச் சட்டப்படி, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருப்பதாகக் காவல் நிலையத்தில் சான்றிதழ் வாங்கினால்தான் பெரும்பாலான இடங்களில் கார் பதிவாகும். இங்கேயும் அப்படி ஒரு விதி வர வேண்டும் என்பதே என் கட்சி.

அது வரும்வரை, முதலில் உங்கள் ஃபிளாட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்று கணக்கிட்டு அதில் இடம் காட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் இப்போது கிடங்கோ கடையோ இருந்தால், அதை மீட்கச் சங்கத்தில் பேசுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் காலி மனை வைத்திருப்பவரிடம் மாத வாடகைக்குக் கேளுங்கள். தெருவில் நிறுத்தினால் கேட்டுகளை விட்டு நிறுத்துங்கள். வீடு வரை நாலு நிமிஷம் நடக்க வேண்டியிருக்கலாம். நடங்கள்.

*கே: அஞ்சு நிமிஷ விஷயம். இதற்குப் போய் ஏன் இவ்வளவு கோபம்? — பெயர் எழுதாத வாசகர்*

ப: எங்கள் தெருவில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. ஒரு முகூர்த்த நாள் ராத்திரி, மூன்றாவது வீட்டுப் பாட்டிக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது, ஆனால் தெருமுனையைத் தாண்ட முடியவில்லை. ஸ்ட்ரெச்சர் மட்டும் வந்தது. கேட்டை ஒட்டி முன்னும் பின்னுமாக இரண்டு கார்கள். நடுவில் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், ஸ்ட்ரெச்சர் நுழையாது. ஒருவர் ஓடிப்போய் மண்டபத்து மைக்கில் வண்டி எண்ணைச் சொல்லச் சொன்னார். நாதஸ்வரச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் பாட்டியைப் போர்வையோடு சேர்த்து நாலு பேர் தூக்கி, காரின் பானெட்டுக்கு மேலாகக் கைமாற்றினோம். நான் கால்பக்கம் பிடித்திருந்தேன். பாட்டியின் ஒரு செருப்பு அந்தக் காரின் வைப்பரில் மாட்டிக்கொண்டது. அந்த நிலையிலும் அவர், "மெதுவா, வண்டியில கீறல் விழுந்துடப் போவுது" என்றார்.

பாட்டி பிழைத்துவிட்டார். காரின் சொந்தக்காரர் சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு வந்தபோது மணி பத்தரை. வாசலில் நின்ற நாங்கள் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. நம்பர் தெரிந்திருந்தால் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

கோபத்துக்குக் காரணம் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் கார் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடியதும் ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் போன் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதி, வெளியிலிருந்து படிக்கும்படி முன் கண்ணாடிக்குள் வையுங்கள். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் போனைச் சைலன்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.