தலையைக் கடைசியாகத் தூக்கணும்

ஒவ்வொரு வருஷமும் ஜூலை வாக்கில் தமிழ்ப் பேப்பர்களில் ஒரு செய்தி வரும்: 'ஒகேனக்கல்லில் நீர்வரத்து அதிகரிப்பு, பரிசல் இயக்கத் தடை.' என் தாய்மாமா பென்னாகரத்துக்காரர். பல வருஷம் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர். தடை போட்டார்கள் என்றால் துடுப்பைத் திண்ணைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் ஏறினால் படகைக் கரையேற்றிவிட வேண்டும். அவர் படித்த பாடம் அது.

மைசூரில் இருக்கும் அவருடைய மருமகனுக்கு, அதாவது எனக்கு, அந்தச் செய்தி வந்த அன்றுதான் சீசன் ஆரம்பம்.

எனக்கு வயது 46. கணக்கெழுதும் உத்தியோகம். குவெம்பு நகரில் வாடகை வீடு. காட்டாற்று வெள்ளத்தில் கயாக் விடும் போட்டிக்குப் போகிறேன் என்று சொன்னால் எதிரே இருப்பவர் முதலில் சிரிப்பார். அப்புறம் என் வயிற்றைப் பார்ப்பார். அப்புறம் இன்னொரு முறை, முன்னைவிட நன்றாகச் சிரிப்பார்.

கயாக் என்பது நீளமான பிளாஸ்டிக் படகு. நடுவில் ஒரு ஓட்டை. அதற்குள் இடுப்புவரை செருகிக்கொள்ள வேண்டும். இட்லிப் பானைக்குள் சுரைக்காயை இறக்குவது மாதிரி. உள்ளே தண்ணீர் புகாமலிருக்க இடுப்பில் ரப்பர் துணி ஒன்றைக் கட்டி, அதன் விளிம்பை ஓட்டையைச் சுற்றி இழுத்து மாட்ட வேண்டும். இதற்குப் பெயர் ஸ்ப்ரே ஸ்கர்ட். வீட்டில் இதை மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்ட முதல் நாளே என் மனைவி, "ஏங்க, உங்க பாவாடை காஞ்சிடுச்சு, எடுத்துக்குங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். கீழ்வீட்டு கன்னடத்து அம்மாளுக்குத் தமிழ் தெரியாது என்று நம்பியிருந்தேன். தெரியும்.

பயிற்சி எடுத்தது வருணா ஏரியில். மைசூரிலிருந்து டி.நரசிபுரம் போகிற ரோட்டில் இருக்கிறது. வருணா என்றதும் கர்நாடகத்தில் எல்லாருக்கும் தேர்தல்தான் ஞாபகத்துக்கு வரும், சித்தராமையாவின் தொகுதி. அவர் ஜெயித்த இடத்தில் நான் முதல் நாளே கவிழ்ந்தேன். கர்நாடகத்தில் கவிழ்வது பெரிய விஷயமில்லை, எத்தனையோ ஆட்சிகளைப் பார்த்த மாநிலம். ஆனால் காற்றுகூட இல்லாத ஏரியில், கரையில் கட்டியிருந்த எருமை பார்த்துக்கொண்டிருக்க, உட்கார்ந்த இடத்திலேயே கவிழ்ந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

இந்த விளையாட்டின் உயிர்நாடியே கவிழ்ந்தபின் என்ன செய்கிறாய் என்பதுதான். படகோடு தலைகீழாகத் தொங்கிக்கொண்டே துடுப்பைத் தண்ணீரில் வீசி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, படகோடு மேலே வர வேண்டும். எஸ்கிமோ ரோல் என்பார்கள். வடதுருவத்துப் பக்கம் கடல்நாய் வேட்டைக்குப் போனவர்கள் கண்டுபிடித்தது. அந்தக் குளிரில் படகைவிட்டு வெளியே நீந்தினால் உயிர் தங்காது. அதனால் உள்ளே இருந்தபடியே நிமிரக் கற்றார்கள். எனக்கு அப்படி ஒரு நெருக்கடியும் இல்லை. வருணாவில் தண்ணீர் வெதுவெதுப்பு, ஆழம் என் நெஞ்சளவு. ஆகவே நான் கற்கவில்லை.

கற்றுக்கொடுத்த பையன் குடகுக்காரன், வயது 23. ரோலின் ரகசியம் ஒன்றே ஒன்றுதான் என்றான். முதலில் இடுப்பு வர வேண்டும், அப்புறம் உடம்பு, எல்லாவற்றுக்கும் கடைசியில் தலை. மூச்சுக்குத் தவித்து முதலில் தலையைத் தூக்கினால் அந்தக் கனமே படகைத் திரும்பக் கவிழ்த்துவிடும். தண்ணீருக்கு மேலே நின்று, "தலெ கொனெகெ, சார்! தலெ கொனெகெ!" என்று கத்துவான். தலை கடைசியில். பிறந்ததிலிருந்து அப்பா, வாத்தியார், மேடைப் பேச்சாளர் எல்லாரும் தலை நிமிர்ந்து நில் என்றே சொல்லி வளர்த்த உடம்பு இது. அதனிடம் போய் இடுப்பு முன்னாலே, தலை பின்னாலே என்றால் கேட்குமா? மூன்று மாதத்தில் நான் குடித்த வருணா ஏரித் தண்ணீருக்குக் காவிரி ஆணையத்தில் தனிக் கணக்கு வைக்கலாம்.

ரோல் வராதவனுக்கு இன்னொரு வழி இருக்கிறது. தலைகீழாக இருந்தபடியே இரண்டு கைகளையும் வெளியே நீட்டிப் படகின் வயிற்றில் தட்ட வேண்டும். பக்கத்தில் வருகிறவர் தன் படகின் மூக்கை உங்கள் கைக்கு நேராகக் கொண்டுவருவார். அதைப் பிடித்துக்கொண்டு எழலாம். இது எனக்கு அருமையாக வந்தது. நள்ளிரவில் பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டிப் பழகிய கை.

போட்டி நடப்பது கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரி வட்டாரத்தில். 2013-இல் தொடங்கிய மலபார் ரிவர் ஃபெஸ்டிவல். சாலிப்புழை, இருவஞ்ஞிப்புழை என்று இரண்டு ஆறுகள். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கி ஓடிச் சாலியாற்றில் சேர்கின்றன. கோடையில் இறங்கி நடக்கலாம். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் பாறைக்குப் பாறை விழுந்து எழுந்து நுரைகக்கிக்கொண்டு வருகின்றன. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். ஆண்களில் ஜெயிப்பவருக்கு ரேப்பிட் ராஜா, பெண்களில் ரேப்பிட் ராணி என்று பட்டம். போட்டி நடக்கும் இடங்களில் ஒன்று புலிக்கயம். கயம் என்றால் ஆழமான நீர்நிலை என்று பழந்தமிழிலேயே உண்டு. யானைக்கும் அந்தச் சொல் உண்டு. புலியும் யானையும் சேர்ந்த பெயர் வைத்த இடத்துக்குக் கணக்கெழுதுகிறவன் போயிருக்கக் கூடாது.

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை, அப்புறம் பந்திப்பூர்க் காடு. இரவு 9 முதல் காலை 6 வரை அந்த ரோட்டில் வண்டிகளுக்குத் தடை என்பதால், காரின் தலையில் மஞ்சள் படகைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் செக்போஸ்டில் நின்றேன். வனத்துறைக் காவலர் படகைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது என்ன, சவப்பெட்டியா?" என்று கன்னடத்தில் கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார். பத்தேரி, கல்பற்றா தாண்டி, தாமரச்சேரிச் சுரத்தின் 9 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி முடித்தபோது படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் வாந்தி. தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்பே பாதி உயிர் போயாயிற்று.

ஆற்றங்கரையில் என் பிரிவு, அதாவது புதியவர்கள் பிரிவு, வரிசையில் நின்றது. முன்னால் இருந்த பெண்ணுக்குப் பதினேழு வயதிருக்கும். "அங்கிள், முதல் தடவையா?" என்றாள். ஆமாம் என்றேன். "பயப்படாதீங்க, கீழே கயிறு வெச்சிருக்காங்க" என்றாள். அதுவரை பயப்படவில்லை.

மேலிருந்து பார்க்கும்போது ஆறு ஒரே திசையில் ஓடுவதாகத்தான் தெரியும். உள்ளே இறங்கினால் அப்படி இல்லை. பாறைக்கு முன்னால் தண்ணீர் மேடு கட்டி நிற்கிறது; பாறைக்குப் பின்னால் அதே தண்ணீர் மேல்நோக்கித் திரும்பி ஓடுகிறது. எடி என்கிறார்கள். தெரிந்தவன் அதில் நுழைந்து மூச்சு வாங்கிக்கொள்வான். தெரியாதவனின் படகு ஓரத்தை அது பிடித்துக் கவிழ்க்கும். முதல் இரண்டு பாறைகளை நான் தாண்டினேன். கரையிலிருந்து கைதட்டல்கூடக் கேட்டது. யாருக்குத் தட்டுகிறார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். அங்கேதான் தவறு.

தண்ணீருக்குள் செம்பழுப்பு நிறம், டீக்கடை வடிகட்டிக்குள் விழுந்த மாதிரி. காதில் ஒரு லாரி ஓடிக்கொண்டிருந்தது. தட்டினேன். யாரும் வரவில்லை, பந்தயத்தில் யார் நின்று கதவு திறப்பார்கள்? இடுப்பை வெட்டினேன். தலை முதலில் வந்தது, 'கொனெகெ' என்று நினைப்பதற்குள் திரும்பப் போனது. கடைசியில் பாவாடை நுனியைப் பிடித்து இழுத்து, படகைவிட்டு வெளியே வந்து மிதந்தேன். கரையிலிருந்து ஒருவர் வீசிய கயிற்றுப் பை சரியாக என் மூக்கில் விழுந்தது. பிடித்துக்கொண்டேன். எல்லைக் கோட்டை முதலில் என் படகு தாண்டியது. அடுத்து துடுப்பு. அப்புறம், கரையோரமாக நடந்து, நான். இப்படி மூன்று தவணையாக வந்தவனுக்கு நேரம் எழுத வழியில்லையாம். 'முடிக்கவில்லை' என்று போட்டுவிட்டார்கள். கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பதிவு சரி.

படகைவிட்டு வெளியேறி நீந்தியவன் தன் ஷூவில் பீர் ஊற்றிக் குடிக்க வேண்டும் என்று உலகம் முழுக்கக் கயாக் விடுகிறவர்களிடம் ஒரு வழக்கம். நான் மது தொடுவதில்லை என்றேன். அதற்கென்ன, என்று மோர் வாங்கி வந்து ஊற்றினார்கள். நனைந்த ரப்பர் ஷூவில் மோர். பீராகவே இருந்திருக்கலாம்.

இதையெல்லாம் மாமாவிடம் போனில் சொன்னேன். கூடவே, இது ஒன்றும் லேசுப்பட்ட விளையாட்டு இல்லை, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாக கயாக் கிராஸ் என்று சேர்த்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். நான்கு பேரை இரண்டு மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து ஒன்றாகத் தண்ணீரில் தள்ளிவிடுகிறார்கள். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு போகலாம். பெண்களில் ஆஸ்திரேலியாவின் நொயெமி ஃபாக்ஸுக்குத் தங்கம். அக்கா ஜெசிக்கா அதே ஒலிம்பிக்கில் ஏற்கெனவே இரண்டு தங்கம் வாங்கியிருந்தார். ஆண்களில் நியூசிலாந்தின் ஃபின் புட்சர். நடுவில் குறிப்பிட்ட இடத்தில் எல்லாரும் கட்டாயம் ஒருமுறை முழுசாக உருண்டு எழ வேண்டும், இல்லையென்றால் தண்டனை என்றேன்.

மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப வேணும்னே கவுரணுமா?"

"ஆமா மாமா."

"மாப்ளே, என் பரிசல்ல ஏறுன சனம் ஒருத்தரும் நனையாம எறங்கிப் போயிருக்காங்க. அதுக்கு ஒருத்தனும் மெடல் குடுக்கல. நீ கவுந்ததுக்கு மோர் குடுத்திருக்கான். வாங்கிக் குடிச்சுட்டு வா."

இன்றுவரை எனக்கு ரோல் வரவில்லை. அடுத்த ஜூலைக்கும் பெயர் கொடுப்பதாக இருக்கிறேன். புலிக்கயம் பக்கம் நீங்கள் வேடிக்கை பார்க்க வந்து, மஞ்சள் படகு ஒன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்து வந்தால், தயவுசெய்து கைதட்டாதீர்கள். கயிற்றை வீசுங்கள். மூக்கைத் தவிர்த்து.