சக்கரப் பெருக்கம்: முத்துநகர்க் கார்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப்பொருள்: 14 அங்குல இரும்பு ரிம்மோடு ஷோரூமை விட்டு இறங்கிய கார், மூன்றே மாதத்தில் 17 அங்குல அலாய் கேட்டு அடம்பிடித்தால் அதற்கு எந்த டயரைப் போடுவது? ஆய்வுக்களம்: துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகளுக்கும் உப்பளங்களுக்கும் நடுவே டிஎன் 69 பலகையோடு புகுந்து புறப்படும் சிறுகார்கள். அலாய் செலவுக்கு வீட்டில் சம்மதம் வாங்குவது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

உருண்டைப் பொருளை அளந்து வாங்கும் சாத்திரம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்புக் காலத்தில் 20 துளையில் தொடங்கி 1000 துளை வரை பித்தளைச் சல்லடைகள் இருந்தன. சலித்து அளவு பிரித்த பிறகும் வியாபாரி விலை சொல்லமாட்டார். உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, அணதாரி, மசங்கு, கலிப்பு என்று தரம் பிரித்த பின்னரே வாய் திறப்பார். கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அந்தப் பொறுமையும் அத்தோடு போயிற்று என்பது என் கருதுகோள். இன்று டயர் கடைக்கு வருகிறவர் சல்லடையோடு நின்றுவிடுகிறார்: “அண்ணாச்சி, பதினேழு இருக்கா?”

மூலபாடம் டயரின் பக்கச்சுவரிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஸ்விஃப்ட் காரின் ஆரம்ப ரகத்தில் காண்பது: 165/80 ஆர்14. கொற்கைக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குக் கல்வெட்டு வாசிக்கச் சொல்லித்தரவா வேண்டும்? 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று அளவை முறைகள். இதை எழுதியவர் யாராயினும் மணிப்பிரவாள நடையில் தேர்ந்தவர்.

கணக்குப் போட்டால் பக்கச்சுவர் 132 மி.மீ., டயரின் மொத்த விட்டம் சுமார் 620. உரையாசிரியர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான். ரிம் பெருத்தாலும் இந்த 620 பெருக்கக் கூடாது. மூன்று விழுக்காட்டுக்குள் நிற்கவேண்டும். 185/65 ஆர்15 போட்டால் 621. 195/55 ஆர்16 என்றாலும் 621. 205/45 ஆர்17 என்றால் 616. ஆக, இத்தனை ஆயிரம் செலவழித்தும் கார் ஒரு விரற்கடைகூட உயர்வதில்லை. உலோகம் கூடிய இடத்தில் ரப்பர் குறைகிறது, அவ்வளவே. 132 மி.மீ. இருந்த பக்கச்சுவர் பதினேழில் 92 ஆகிவிடுகிறது. குழியில் இறங்கும்போது அந்த 40 மில்லிமீட்டரை ரிம்மும் இடுப்பும் பங்கிட்டுக்கொள்கின்றன.

கணக்குப் பார்க்காமல் 195/65 ஆர்16 மாட்டுவோர் ஒரு தனி மரபினர். விட்டம் 660 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது கார் 85இல் போகும். ஸ்டியரிங்கை முழுசாய் ஒடித்தால் மட்கார்டு உள்ளே உரசலாம். 100 கிலோமீட்டர் ஓடினாலும் மீட்டரில் 94தான் ஏறும் என்பதால், காரை விற்கும் நோக்கமுடையோர் இம்மரபைப் போற்றுவதாகக் கேள்வி.

எதிர்த்தரப்பையும் சொல்வதே ஆய்வு நேர்மை. பக்கச்சுவர் குட்டையானால் வளைவில் கார் சாயாமல் கெட்டியாகத் திரும்பும். உண்மைதான். ஆனால் திருநெல்வேலி நாலுவழிச் சாலையில் அந்தத் திறமையைக் காட்ட வளைவைத் தேடவேண்டும். உப்புக்காற்றோ தேடாமலே வரும். அலாயில் கீறல் விழுந்து பூச்சு போன இடத்தில் அது நுழைந்து அரிக்கும்; டயரின் விளிம்பு உட்காரும் இடம் அரித்தால் பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கும்.

மூலபாடத்தில் பலரும் படிக்காமல் விடும் இறுதிச் சொல் ஒன்று உண்டு: எடைக் குறியெண். 165/80 ஆர்14 டயரில் அது 85, அதாவது டயருக்கு 515 கிலோ. பார்க்கத் தடியாய் இருக்கும் சாதாரண 205/45 ஆர்17இல் 84, அதாவது 500 கிலோ. நாலு டயருக்கும் சேர்த்து 60 கிலோ குறைகிறது. பின்சீட்டு மச்சானை இறக்கிவிடவேண்டியதுதான். (கூடுதல் எடைக்கென்று செய்த 88 குறியெண் டயர் தனியே உண்டு. அதற்குக் காற்றும் கூடுதல் அழுத்தத்தில் வேண்டும்.)

ஆய்வு முடிபு: அதே காரின் உயர் ரகத்துக்குக் கம்பெனியே போட்டுத் தரும் அளவுவரை போகலாம். ஸ்விஃப்டுக்கு அது 185/65 ஆர்15, எடைக் குறியெண் 88. தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றினால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். டயர் வாங்கப் போகிற அண்ணாச்சிமாரே, பணத்தை எடுக்குமுன் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024இன் 23ஆம் வாரத்தில் செய்தது. ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள்.